குறை நிறத்தில் இல்லை... ஒளியில்!

அமெரிக்காவில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் ‘சீனியர் போர்ட்ரெய்ட்’: கேமராவுக்குப் பின்னால் நிற்பவரின் அனுபவம்

ஏப்ரல் மாத மாலை, ஆறே முக்கால் மணி. டாலஸ் நகருக்குத் தெற்கே சுமார் 55 கிலோமீட்டரில் உள்ள எனிஸ் என்ற சிற்றூர். சாலையின் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீலப் பூக்கள். வந்து நின்ற காரிலிருந்து முதலில் இறங்கியது ஹேங்கரில் தொங்கிய பட்டமளிப்பு அங்கி. அடுத்து, கையில் கௌபாய் பூட்ஸுடன் பதினெட்டு வயதுப் பெண். கடைசியாக அம்மா. மடிப்பு கலையாமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த அரக்கு நிறப் பட்டுப்புடவை அவர் கைகளில்.

அப்பா காரைப் பூட்டிவிட்டு வருவதற்குள் அம்மா என்னைத் தனியே அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அண்ணா, ஒண்ணே ஒண்ணு. இவ எங்க அம்மா கலர். போட்டோல எப்பவுமே டல்லாதான் விழுவா. எடிட்டிங்ல கொஞ்சம் கலர் தூக்கி விட்டுடுங்க. மதுரைக்கு அனுப்பணும், சொந்தக்காரங்க எல்லாம் பார்ப்பாங்க” என்றார்.

டெக்சாஸில் தமிழ்ப் பிள்ளைகளைப் படமெடுக்கும் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த வேண்டுகோளை வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறேன். ‘கொஞ்சம் பளிச்சுன்னு’, ‘கொஞ்சம் பிரைட்டா’, ‘முகத்த மட்டும் லேசா’. சொல்பவர்கள் எல்லோரும் பிள்ளையின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். தொடக்கத்தில் நானும் சரி என்று தலையாட்டிவிடுவேன். இப்போது செய்வதில்லை.

அந்த அம்மா சொன்னதில் பாதி உண்மை. அவர் மகள் படங்களில் மங்கலாக விழுந்திருக்கிறாள். அதை நானும் பார்த்தேன். ஆனால், அதற்கு அவளுடைய நிறம் காரணமல்ல.

வழக்கம் பிறந்த கதை

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை ‘சீனியர்’ என்பார்கள். மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ பட்டமளிப்பு விழா நடக்கும். பள்ளிப் படிப்பு முடிவதையே ஊர்த் திருவிழாபோலக் கொண்டாடுகிற நாடு இது. பள்ளி ஆண்டு மலரான ‘இயர்புக்’கில் ஒவ்வொரு சீனியரின் படமும் இடம்பெறும். பெரும்பாலும் பள்ளி ஒப்பந்தம் செய்துள்ள ஸ்டூடியோதான் அதை எடுக்கும். பல பள்ளிகளில் பெண்களுக்குத் தோளைச் சுற்றிக் கறுப்புத் துணி, ஆண்களுக்கு டக்ஸீடோ கோட்டு. எல்லோருக்கும் ஒரே பின்னணி, ஒரே விளக்கு.

வெளிப்புற சீனியர் போர்ட்ரெய்ட் அப்படியல்ல. குடும்பமே ஒரு புகைப்படக் கலைஞரை அமர்த்திக்கொள்கிறது. பிள்ளை தனக்குப் பிடித்த இடத்தில், பிடித்த உடையில், தன் வயலினோடோ கால்பந்து ஜாக்கெட்டோடோ வளர்ப்பு நாயோடோ நிற்கும். அந்தப் படம் வீட்டுச் சுவருக்கு வரும். விழா அழைப்பிதழில் அச்சாகும். இரண்டரைக்கு மூன்றரை அங்குலச் சிறு படங்களாகப் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் நாலு வரி எழுதி, நண்பர்கள் மாற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு.

அப்படி மாற்றிக்கொள்வதற்கு 19-ம் நூற்றாண்டிலேயே வித்திட்டவர் ஜார்ஜ் கெண்டல் வாரன் (1834-1884). மாசசூசெட்ஸ் மாநிலத்துப் புகைப்படக் கலைஞர். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்ற கல்லூரிகளில் படிப்பை முடிக்கும் மாணவர்களைத் தனித்தனியாகப் படமெடுத்தார். அதற்கு முன்பு புழக்கத்திலிருந்த டாகுவேரியோடைப்பில் ஒரு முறை எடுத்தால் ஒரே படம்தான். நெகட்டிவ் வந்த பிறகு ஒரு முகத்தை எத்தனை பிரதி வேண்டுமானாலும் போட முடிந்தது. மாணவர்கள் நண்பர்களின் படங்களை வாங்கிச் சேர்த்து ஆல்பமாகக் கட்டிக்கொண்டார்கள். இன்றைய இயர்புக்குக்கு முன்னோடி அந்த ஆல்பங்கள்தான்.

2020 வசந்தத்தில் கொரோனாவால் விழா மேடைகள் காலியாகக் கிடந்தபோது இந்தப் படத்தின் மதிப்பு எல்லோருக்கும் புரிந்தது. அங்கியை மாட்டிக்கொண்டு வீட்டு வாசற்படியில் பிள்ளைகள் நின்றார்கள். பல வீடுகளில் விழாவாக மிஞ்சியது அந்த ஒற்றைப் படம்.

இந்த உணர்வு நமக்கு அந்நியமல்ல. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் கூடத்தில், வாடகை அங்கி அணிந்து, கையில் சுருட்டிய காகிதத்தோடு நிற்கும் கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்று தொங்கும். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவர். நம் ஊர் ஸ்டூடியோக்களில் அந்தப் படங்களுக்குப் பென்சிலால் ‘டச்சிங்’ செய்வார்கள். நெகட்டிவ்மீது கூர்மையான பென்சில் முனையால் மெல்லத் தீட்டினால், அந்த இடம் பிரிண்டில் வெளுத்து வரும். கண்ணுக்குக் கீழுள்ள கருமை மறையும். சுருக்கம் போகும். கை தேர்ந்தவர் இன்னும் கொஞ்சம் தீட்டினால் முகமே ஒரு படி வெளுக்கும். ‘கலர் தூக்கி விடுங்கள்’ என்ற வேண்டுகோள் கம்ப்யூட்டருக்கு முன்பே பிறந்தது.

ஷெர்லியின் முகம்

நம் நிறத்துக்கு எதிராக ஒரு காலத்தில் ஃபிலிமே நடந்துகொண்டது. அமெரிக்கா, ஐரோப்பா தொடங்கி உலகெங்கும் கலர் லேப்களில் பிரிண்ட் போடுவதற்கு முன்னால் இயந்திரத்தைச் சரிபார்க்க ஓர் அட்டை தேவைப்பட்டது. கோடாக் நிறுவனம் 1950-களில் அனுப்பத் தொடங்கிய அந்த அட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஷெர்லி பேஜ் என்பவர் முதலில் அதற்கு நின்றார். பிறகு அட்டையில் வந்த பெண்களின் முகங்கள் மாறின, பெயர் மாறவில்லை. ‘ஷெர்லி கார்டு’ என்றே வழங்கியது. ஷெர்லியின் தோல் சரியாக விழுந்தால் லேப்பில் எல்லாம் சரி என்று பொருள்.

ஷெர்லிக்குச் சரியாக அமைந்தது மற்றவர்களுக்குச் சரியாக அமையவில்லை. வெள்ளை முகத்துக்குப் பக்கத்தில் கறுத்த முகம் நின்ற குழுப் படங்களில், அந்த முகத்தின் நுணுக்கங்கள் காணாமல் போயின. கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் 2009-ல் இந்த வரலாற்றை விரிவாக எழுதினார். அவர் வெளிக்கொணர்ந்த செய்தி நெஞ்சைச் சுடக்கூடியது. பழுப்பு நிறத்தின் நுட்ப வேறுபாடுகளை ஃபிலிம் காட்டவில்லை என்று கோடாக்கை அழுத்தி மாற்றவைத்தவர்களில் முக்கியமானவர்கள் மர நாற்காலி, மேசை விற்றவர்களும் சாக்லேட் தயாரித்தவர்களும். விளம்பரப் படத்தில் ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர்கள் குறை. தேக்குக்கும் சாக்லேட்டுக்கும் கிடைத்த கவனம் மனித முகத்துக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990-களில்தான் வந்தது.

செல்போன் காலத்திலும் இந்த வேலை முடிந்துவிடவில்லை. கறுத்த, பழுப்பு நிற முகங்களைச் சரியாகக் காட்டுவதற்கென ‘ரியல் டோன்’ என்ற ஏற்பாட்டை கூகுள் தன் பிக்சல் போன்களில் கொண்டுவந்தது 2021-ல். ஹார்வர்ட் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துப் படித் தோல்நிற அளவுகோலை அதே நிறுவனம் வெளியிட்டது 2022-ல்.

இதை அந்த அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சிறு வயதில் எடுத்த படங்களிலும் முகம் ‘டல்லாக’ விழுந்ததாகச் சொல்லி வளர்க்கப்பட்டவர். யோசனையோடு கேட்டுக்கொண்டார். “அப்போ எடிட்டிங்ல ஒண்ணும் பண்ண மாட்டீங்களா?” என்றார். “பண்ணுவேம்மா. ஆனா, முதல்ல வெளிச்சத்தப் பார்ப்போம்” என்றேன்.

பூ மிதிபடாமல், உயிர் போகாமல்

வெளிச்சத்துக்கு முன்பு இடம். எனிஸுக்கு வந்ததற்குக் காரணம் ‘புளூபானட்’ என்ற அந்த நீலப்பூ. டெக்சாஸின் மாநில மலராக 1901-ல் அறிவிக்கப்பட்டது. எனிஸ் 1997-ல் ‘புளூபானட் நகரம்’ என்ற பட்டத்தை மாநிலச் சட்டமன்றத்திடமிருந்து பெற்றது. மார்ச் இறுதி முதல் ஏப்ரல் நடு வரை சில வாரங்கள்தான் பூக்காலம். குழந்தையின் முதல் பிறந்தநாள், கல்யாண நிச்சயம், சீனியர் படம் என மாநிலமே இந்தப் பூவில் உட்கார்ந்து படமெடுத்துக்கொள்கிறது.

இது ஓராண்டுச் செடி. பூ முடிந்து, காய் முற்றி, விதை மண்ணில் விழுந்தால்தான் இலையுதிர் காலத்தில் முளைக்கும்; அடுத்த வசந்தத்தில் பூக்கும். மிதிபட்ட செடி விதை விடாது. அதனால் ஏற்கெனவே வெறுமையாக உள்ள திட்டிலோ நடைபாதை ஓரத்திலோ பெண்ணை நிறுத்துவேன். கேமராவைப் பூக்களின் உயரத்துக்குத் தாழ்த்தி, நீண்ட லென்ஸில் எடுத்தால் முன்னாலும் பின்னாலும் பூக்கள் நெருங்கி வந்து, அவள் பூக்கடலின் நடுவே நிற்பதுபோலத் தெரியும். ஒரு செடிகூடச் சாகாது. உட்காரவைக்கும் முன் தரையைக் காலால் தட்டிப் பார்ப்பேன். தீ எறும்புப் புற்று இருக்கலாம், பாம்பும் இருக்கலாம்.

ஓரிடத்துக்கு மட்டும் யார் கேட்டாலும் போவதில்லை. அது ரயில் தண்டவாளம். ‘இரண்டு கோடும் தூரத்தில் சேர்வதுபோல வரும் அங்கிள்’ என்று பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். அமெரிக்காவில் தண்டவாளத்தில் அனுமதியின்றி நடப்பது அத்துமீறல் குற்றம். அதைவிட முக்கியமானது உயிர். மணிக்கு சுமார் 90 கிலோமீட்டரில் வரும் சரக்கு ரயில் பிரேக் பிடித்த பிறகும் நிற்பதற்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆகலாம். ரயில் பெட்டி தண்டவாளத்துக்கு வெளியேயும் மூன்று அடி நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்த்திசையில் வரும் ரயிலின் சத்தம் பல நேரம் அருகே வரும் வரை கேட்பதில்லை. படிப்பை முடித்த நாளுக்காக எடுக்கும் படம் கடைசிப் படமாகிவிடக் கூடாது.

தாவரப் பூங்கா, ஏரிக்கரைப் பூங்கா போன்ற இடங்களில் தொழில்முறைப் படப்பிடிப்புக்குக் கட்டணமோ முன்அனுமதியோ தேவைப்படலாம். அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

வெயிலோடு ஓர் ஒப்பந்தம்

டாலஸில் ஏப்ரல் நடுவில் சூரியன் மறைய இரவு எட்டு மணியாகும். ஏழு மணியிலிருந்து எட்டு வரை எங்களுக்குக் கிடைப்பது, சினிமாக்காரர்கள் ‘மேஜிக் ஹவர்’ என்று காத்துக்கிடக்கும் நேரம். உச்சி வெயில் தலைக்கு மேலிருந்து விழுந்து கண்குழியை இருட்டாக்கும். மூக்குக்கடியில் நிழல் ஒட்டவைக்கும். அந்தி வெயில் பக்கவாட்டில் வந்து முகத்தைத் தடவும்.

முதல் படத்தைப் பழகிய முறையில் எடுத்துக் காட்டினேன். சூரியன் அவளுக்குப் பின்னால், கேமரா தானியங்கியில். பின்னால் ஒளிவீசும் வானம், முன்னால் மங்கிய முகம். “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல” என்றார் அம்மா.

கேமராவின் மீட்டருக்கு முகம் யாருடையது என்று தெரியாது. எதிரே உள்ள காட்சி மொத்தத்தையும் சராசரியாக்கினால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரவேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கணக்கு. பின்னால் பிரகாசமான வானம் இருந்தால், ‘ஐயோ, வெளிச்சம் அதிகம்’ என்று முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடும். வெள்ளை முகமே அதில் மங்கும் என்றால் மாநிற முகம் என்ன ஆகும்? பிறகு எடிட்டிங்கில் அந்த இருட்டிலிருந்து முகத்தை இழுத்துத் தூக்குவார்கள். அப்படித் தூக்கிய தோல் மணல்மணலாகி, சாம்பல் பூத்து வரும். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் நிறத்தைக் குறை சொல்வோம்.

இரண்டாவது படத்துக்கு மூன்று மாற்றங்கள் மட்டும் செய்தேன். கேமராவைத் தானியங்கியிலிருந்து எடுத்து, அவள் கன்னத்தில் விழும் வெளிச்சத்தை மட்டும் அளந்து அதற்கேற்ப வைத்தேன். வானம் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். அப்பாவின் கையில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையைக் கொடுத்து, அவள் மார்பு உயரத்துக்குச் சற்று மேலே சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். நம் ஊர் படப்பிடிப்புகளில் லைட்மேன்கள் பிடிக்கும் அதே பலகைதான். தங்க நிற ரிஃப்ளெக்டர் மாநிறத்தை ஆரஞ்சாக்கும். வெள்ளிப் பலகை கண்ணைக் கூசவைக்கும். வெள்ளைப் பலகை மட்டுமே தோலை அதன் நிறத்திலேயே விட்டுவைக்கும். மூன்றாவதாக, முகத்தைச் சற்றே ஒளியின் பக்கம் திருப்பச் சொன்னேன்.

நம் தோலுக்கு ஒரு பெரிய வரம் உண்டு. வெளுத்த தோல் நிழலால் வடிவம் பெறுகிறது என்றால், கறுத்த, மாநிறத் தோல் மினுமினுப்பால் வடிவம் பெறுகிறது. நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் மூக்கின் தண்டிலும் ஒளி வழுக்கிக்கொண்டு போகும். பவுடரை அப்பி அதை மறைத்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும். அகன்ற ஒளியைப் பக்கத்திலிருந்து கொடுத்தால், எண்ணெய் தேய்த்துத் துடைத்த வெண்கலச் சிலைபோல முகம் எழும்.

மூன்றே நிமிட வேலை. கேமராவின் பின்திரையைக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னொரு முறை பெரிதாக்கினார்.

நிழலிலும் கவனம் வேண்டும். இலைகளின் வழியே புள்ளிப் புள்ளியாக விழும் வெயில் முகத்தில் தேமல்போலத் தெரியும். புல்வெளி நடுவே நின்றால் தாடைக்குக் கீழே பச்சை ஏறும். அரக்குப் பட்டு உடுத்தி வந்தபோது, அந்தப் புடவையின் சிவப்பே அவள் கழுத்தில் தெறித்தது. வெளிர் நிற நடைபாதைக்கு நான்கடி நகர்த்தியதும் சரியானது. எடிட்டிங்கில் ஒரு மணி நேரம் விழுங்கக்கூடிய சிக்கல் நான்கு அடியில் தீர்ந்தது.

கண்ணில் கூர்மை, கையில் ஒரு வேலை

முகத்துக்கு 85 மில்லிமீட்டர் லென்ஸ் எனக்குக் கைவந்தது. மிக அருகே சென்று அகன்ற கோண லென்ஸில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கும். பின்னணி கரைய வேண்டும் என்று துவாரத்தை எஃப் 1.8 வரை திறந்துவிடுவது புதியவர்கள் பலர் செய்யும் தவறு. முழுச்சட்ட கேமராவில் இரண்டு மீட்டர் தூரத்துக்குக் கூர்மையாகத் தெரியும் ஆழம் அப்போது சுமார் ஆறு சென்டிமீட்டர்தான். முகத்தைத் திருப்பினால் ஒரு கண் கூராகவும் மறு கண் மங்கலாகவும் விழுந்துவிடும். எஃப் 2.8 போதும். பின்னணியைக் கரைக்க, பிள்ளையைப் பின்னணியிலிருந்து தள்ளி நிறுத்தினாலே போதுமானது.

பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கேமரா முன்னால் மிகப் பெரிய பாரம் தன் கைகள்தான். ‘சும்மா நில்லு’ என்றால் விறைத்துவிடும். ஒரு வேலை கொடுக்க வேண்டும். தொப்பியின் குஞ்சத்தைச் சரிசெய்யச் சொல்லலாம். பூட்ஸை மாட்டச் சொல்லலாம். இந்தப் பெண்ணிடம், “அம்மாவோட புடவைய யார் கட்டிவிட்டாங்க?” என்று கேட்டேன். “நானே யூட்யூப் பாத்து கட்டினேன் அங்கிள், அம்மா பின் மட்டும்தான் குத்தினாங்க” என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தத் திரும்பலில்தான் அன்றைய நல்ல படம் கிடைத்தது.

எடிட்டிங்: இரண்டு வாரக் கணக்கு

வீட்டுக்கு வந்தபோது கையில் நானூறு படங்கள். குடும்பத்துக்குக் கொடுப்பது நாற்பது. அந்த நாற்பதைப் பொறுக்குவதே எடிட்டிங்கின் பாதி. கண் மூடியவை, சிரிப்பு வலிந்து வந்தவை எல்லாம் முதலில் போகும்.

எப்போதும் ‘ரா’ ஃபைலாகத்தான் எடுப்பேன். ஜேபெக்கில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ராவில் 16,384 படிகள். மாநிறத் தோலின் அழகெல்லாம் இருண்ட பக்கத்துச் சின்னஞ்சிறு வேறுபாடுகளில் இருப்பதால், இந்தப் படிகள் நமக்கு மிக முக்கியம்.

முதலில் ஒளியின் நிறம். தொடக்கத்தில் சாம்பல் அட்டையைப் பிடிக்கச் சொல்லி எடுத்த படத்தை வைத்து நிறச் சமநிலையைப் பிடிப்பேன். அதற்காக அந்திப் பொன்னிறத்தை முழுவதும் துடைத்துவிடக் கூடாது. மாலை, மாலையாகத் தெரிய வேண்டும். ஆரஞ்சு மிஞ்சினால் அதன் அடர்த்தியை மட்டும் சிறிது குறைப்பேன்.

இங்கேதான் பொறி இருக்கிறது. லைட்ரூம் மென்பொருளில் ஆரஞ்சின் ‘லூமினன்ஸ்’ என்று ஒரு பட்டை உண்டு. மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும் அதன் அடிப்படைச் சாயல் பெரும்பாலும் ஆரஞ்சை ஒட்டியதுதான். அந்தப் பட்டையை வலப்பக்கம் இழுத்தால் முகம் உடனே வெளுக்கும். பென்சில் டச்சிங் செய்தவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது, இன்று ஒரு நொடி. அந்தப் பட்டையை நான் தொடுவதில்லை. வெளிச்சம் போதவில்லை என்றால் முழுப் படத்துக்கும் ஒளியைக் கூட்டுவேன். அப்போது பூவும் புடவையும் முகமும் சேர்ந்து ஒளிபெறும், உறவு மாறாது.

முகத்தில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது? எனக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடியது எதுவோ அதை எடுக்கலாம். பருவை எடுக்கலாம். தூக்கமில்லாத கருவளையத்தைச் சிறிது மென்மையாக்கலாம். கொசுக்கடியை, பறந்து வந்து ஒட்டிய முடியை எடுக்கலாம். மச்சம் நிற்கும். சைக்கிளில் விழுந்த தழும்பு நிற்கும். பல்லில் கம்பி நிற்கும். நிறம் நிற்கும். மூக்கைக் கூராக்குவதும் தாடையை ஒடுக்குவதும் என் மேசையில் நடக்காது.

முகத்தைத் தானாகவே மெழுகிவிடும் செயலிகள் இன்று நிறைய. பருவையும் மச்சத்தையும் ஒன்றாகவே நினைக்கும் செயலிகள் உண்டு. மூக்குத்தியைத் தூசி என்று துடைத்துவிட்ட படத்தையும் பார்த்திருக்கிறேன். தோலின் நுண்துளைகளையும் மினுமினுப்பையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது பொம்மை முகம். எடிட்டிங் முடிந்ததும் கடைசியாக ஒரு சோதனை செய்வேன். முகம், கழுத்து, கைகள் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பேன். முகம் ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாக இருந்தால் எங்கோ பொய் நுழைந்துவிட்டது என்று பொருள்.

ஒரு பையன் கேட்ட கேள்வி

இந்தக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் ஒரு மாணவன். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு. நல்ல கறுப்பு, நல்ல உயரம், ஓட்டப்பந்தய வீரன். பெற்றோர் கேட்டபடி அவன் முகத்தை வெளுத்தேன். தாடையோரம் இருந்த தழும்பையும் மறைத்தேன். பெரிய பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெற்றோருக்கு மகிழ்ச்சி. பையன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு மிக மரியாதையாக, “இது யாரு அங்கிள்?” என்று கேட்டான்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பதினெட்டு வயதில் தன் படத்தைப் பார்க்கும் ஒரு பிள்ளையிடம், ‘நீ இருக்கிறபடி இருந்தால் போதாது’ என்று பெரியவர்கள் மூன்று பேர் சேர்ந்து சொல்லியிருந்தோம். அதில் ஒருவன் நான். வேறு நாட்டில், வேறு நிறத்தவர் நடுவே, தினமும் தன் தோலோடு பள்ளிக்குப் போய் வந்தவன் அவன். அவனுக்கு வீட்டிலிருந்து கிடைக்க வேண்டிய சொல் அது இல்லை. அன்றிரவு மூல ஃபைலைத் திறந்து மறுபடி முதலிலிருந்து செய்து, புதிய பிரிண்ட் ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன்.

மதுரைக்குப் போன படம்

எனிஸ் படங்கள் பத்து நாளில் தயாராயின. திரையில் மட்டும் படம் கொடுத்து நான் நிறுத்திக்கொள்வதில்லை. ஹார்டு டிஸ்க் பழுதாகும், செல்போன் தொலையும். நல்ல காகிதத்தில் போட்டுச் சட்டமிட்ட பிரிண்ட் சுவரில் தலைமுறை தாண்டி நிற்கும். எட்டுக்குப் பத்து அங்குலப் பிரிண்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2,400-க்கு 3,000 புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அதில் பிரிண்ட் போட்டால் முகம் கலங்கும். ஊருக்கு அனுப்புவோர் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், மூலப் படம் அப்படியே போய்ச்சேரும்.

அந்த அம்மா பிரிண்ட்களை வாங்க வந்தார். பட்டுப்புடவையில் அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் படம்தான் மேலே இருந்தது. நிறம் தூக்கப்படவில்லை. கன்னத்தில் அந்தி வெயில், மூக்கருகே மச்சம், தோள் வரை ஒரே நிறம். வீடியோ காலில் மதுரைக்குக் காட்டினார். திரையில் வந்த மூதாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். “அடியே, இது நான்ல!” என்றார். அம்மா போனையும் பிரிண்டையும் அருகருகே வைத்தார். அதே நெற்றி, அதே நிறம், அதே இடத்தில் மச்சம். ஒரு படி வெளுத்திருந்தால் அந்தப் பாட்டி அங்கே தெரிந்திருக்க மாட்டார்.

பட்டமளிப்புக் காலத்தில் கேமரா எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும், பிள்ளையைக் கேமரா முன் நிறுத்தும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். படம் மங்கலாக வந்தால் முகத்தைத் திருத்தாதீர்கள். ஒரு வெள்ளைப் பலகையைப் பிடியுங்கள், நான்கு அடி நகருங்கள், மாலை வரை காத்திருங்கள். மாற்ற வேண்டியது வெளிச்சம் மட்டும்தான்.